ஐந்தாம் நம்பர் துண்டு

எங்கள் வீட்டில் அந்த வருஷம் இரண்டு நேரம் ஓடியது. ஹோலில் தொங்கிய சுவர் மணிக்கூட்டில் அரசாங்கத்தின் புது நேரம். என் கணவர் சண்முகலிங்கத்தின் கையில் பழைய நேரம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வைகாசி மாதம் அது. மழை இல்லை, நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இல்லை, ஆகவே கரண்டும் இல்லை என்று சொல்லி, நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளச் சொன்னார்கள். பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். நான் அன்றைக்கே கதிரையில் ஏறி முள்ளைத் தள்ளினேன். இவர் மாட்டேன் என்றுவிட்டார்.

"சூரியனுக்கு ஆரப்பா சுற்றறிக்கை அனுப்பினது?" என்று கேட்டார். தபால் கந்தோரில் ஆயுள் முழுக்கச் சுற்றறிக்கை படித்த மனிதர்.

"நீங்கள் உங்கட நேரத்தில பசியுங்கோ. நான் புது நேரத்தில சமைச்சு மூடிப்போடுவன்."

"சரி, ராகுகாலம் எந்த நேரத்தில? அதைச் சொல்லு பாப்பம்."

கோயில் ஐயரும் பழைய நேரம் பார்த்துத்தான் பூசை வைத்துக்கொண்டிருந்தார். அதனால் இவருக்கு இன்னும் கொழுப்பு ஏறிவிட்டது.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டின் பின்னறையை வாடகைக்குக் கொடுப்பது வழக்கம். வருகிறவர்கள் எல்லாரும் வேறெங்கோ போக இருக்கிறவர்கள். லண்டனுக்கு, கனடாவுக்கு, அது சரிவராவிட்டால் திரும்பவும் வவுனியாவுக்கு. நேசமலர் வந்தபோது அவளும் அப்படி ஒருத்தி என்றுதான் நினைத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவள். இடம்பெயர்ந்த சனம் நகையையும் காணி உறுதியையும் மடியில் கட்டிக்கொண்டு வர, இவள் ஒரு துவாய்க்குள் கண்ணாடிக் குழாய்களையும், சின்னப் போத்தல் ஒன்றில் வெள்ளிபோல் மினுங்கிய ஏதோ கட்டிகளையும் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"உது என்ன பிள்ளை? பொலிசில பதியேக்க கேப்பாங்கள்."

"தெலூரியம் அன்ரி."

"அதைச் சிங்களத்தில என்னெண்டு சொல்றது?"

"சிங்களத்திலயும் தெலூரியந்தான்."

"அப்ப சொல்லாமலே விடுவம்," என்றேன்.

அவள் என்ன செய்ய வந்திருக்கிறாள் என்று அறிய எனக்குப் பெரிய ஆவல். கேட்டால் அலுக்காமல் சொல்லுவாள். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் வருஷக் கணக்காகிவிட்டது. பற்றரிக்கும் தடை. அவளுடைய அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில்தான் ரேடியோச் செய்தி கேட்பாராம். பக்கத்திலேயே மண்ணெண்ணெய் விளக்கு சும்மா எரிந்துகொண்டிருக்கும். அந்த விளக்கின் சூடு வீணாய்ப் போகிறதே, அதைக் கரண்டாக்கினால் அப்பாவின் கை நோகாதே என்று இவளுக்கு ஒரு யோசனை. சூட்டைக் கரண்டாக்குகிற உலோகங்கள் இருக்கின்றனவாம். ஒரு நுனியைச் சுடவைத்து மறுநுனியைக் குளிராக வைத்தால் நடுவே கரண்ட் ஓடும்.

"அப்ப செய்யவேண்டியதுதானே? ஏன் இன்னும் ஒருதரும் செய்யேல்லை?"

"செய்திருக்கினம் அன்ரி. ஆனா வாற கரண்ட் காணாது. கரண்டை நல்லா விடுற செம்பு சூட்டையும் ஓடவிட்டிடும். ரெண்டு நுனியும் ஒரே சூடாகினா கரண்ட் நிண்டுபோம். சூட்டை மறிக்கிற சிரட்டை கரண்டையும் மறிச்சுப்போடும். கரண்டை விடவும் வேணும், சூட்டை மறிக்கவும் வேணும். ரெண்டும் ஒண்டில இருக்கிற சாமான் லேசில கிடைக்காது."

ஈயம், தெலூரியம், கொஞ்சம் அந்திமனி, ஒரு துளி வெள்ளி. இவற்றைச் சூட்டுக்கு வெடிக்காத அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் போட்டு, பல்கலைக்கழகக் கம்பஸில் கொஞ்ச நாளைக்குத் தந்திருந்த ஆய்வுகூட இடத்தில் காற்றை எடுத்து வாயை உருக்கி மூடிக்கொண்டு வருவாள். கம்பஸ் உலைக்கு வரிசை, வரிசை வந்தாலும் பாதியில் மின்வெட்டு. ஆகவே எங்கள் பின்விறாந்தையில் ஓர் உலை வைத்தாள். கொட்டாஞ்சேனை நோபேட் செய்து கொடுத்தான். அவன் கேக் வேகவைக்கிற ஒவனுக்கும் தண்ணீர் ஹீற்றருக்கும் கம்பி சுற்றுகிறவன்.

"மிஸ், இது மாதிரி உலையில கோழி சுட்டா எலும்பு கூட மிஞ்சாது," என்று சொல்லித்தான் பூட்டிவிட்டுப் போனான். அதன் குமிழைச் சுற்றிப் பத்துக் கோடுகள் கீறியிருந்தான்.

சூடேற்றுவது பெரிய வேலை இல்லை, ஆறவைப்பதுதான் வேலை என்பாள் நேசமலர். புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றனவாம். மெல்ல மெல்ல ஆறினால்தான் பளிங்கு பெரிதாக, ஒழுங்காக வளரும், கரண்ட் தடையில்லாமல் ஓடும். எங்கள் தெருவுக்கு மின்வெட்டு இரவு ஏழு மணிக்கு. ஆகவே பின்னேரம் நாலரை மணிக்குத் தொடங்கி, கால் மணித்தியாலத்துக்கு ஒரு கோடாகக் குமிழைக் குறைத்துக்கொண்டு வந்தால் கரண்ட் போகுமுன் வேலை முடிந்துவிடும்.

இதற்கிடையில் ஒரு புதினம். நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறியதோ இல்லையோ, அந்த விரத நாட்களில் எங்கள் வீட்டில் மீன் மச்சம் மட்டுமல்ல, உள்ளிப்பூண்டு, வெங்காயமும் இல்லை. இவர் ஒருநாள் குசினிக்குள் வந்து குசுகுசுத்தார்.

"இஞ்சேர், உந்தப் பிள்ளை கடையில கொத்துரொட்டி சாப்பிட்டிட்டு வருது. வாயைத் திறந்தா உள்ளி மணம்."

"விரதம் எண்டு என்னோடதானே சாப்பிடுறாள்?"

"மூக்கு பொய் சொல்லுமோ?"

நான் சுற்றி வளைக்காமல் அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெலூரியம் மூச்சில் துளி போனாலே போதுமாம், உடம்பு அதை உள்ளி மணமாக வெளியே விடுமாம். உடம்புக்குக் கூடாதாம், அதனால் கம்பஸில் முகமூடி போட்டுத்தான் அதைத் தொடுகிறாளாம். அப்படியும் மணக்கிறது. அதன் பிறகு இவர் அவளோடு கதைக்கும்போது இரண்டு அடி தள்ளி நிற்பார். விரதம் முறிந்துவிடும் என்று பயம்.

முதல் நாலு துண்டும் வந்தன. விரல் நீளம், கறுப்புப் பளபளப்பு. ஒவ்வொன்றையும் சோதிப்பதில் எனக்கும் ஒரு பங்கு. ஒரு நுனியை மண்ணெண்ணெய் அடுப்பில் காட்டி, மறுநுனியை நான் இரண்டு விரலால் பிடிப்பேன். அவள் கரண்ட் மீற்றரின் முள்ளைப் பார்ப்பாள். நான் மனத்துக்குள் ஒரு தேவாரம் சொல்லுவேன். பாதித் தேவாரத்தில் விரல் சுட்டுவிடும். அந்த அளவில்தான் மீற்றர் முள்ளும் களைத்து இறங்கும்.

"சரியான அளவு கம்பஸில எடுக்கிறனான் அன்ரி. ஆனா உங்கட தேவாரமும் அதைத்தான் சொல்லுது," என்பாள்.

ஐந்தாம் துண்டின் நாளில் வீட்டில் இவர் மட்டுந்தான். எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளையின் பூப்புச் சடங்கு, சாமத்திய வீடு. நேசமலருக்குக் கம்பஸில் வேலை. போகுமுன் குமிழையும் கோடுகளையும் இவருக்குக் காட்டிவிட்டுப் போனாள். நாங்கள் திரும்பி வரும்போது வீடு இருட்டு. பாலத்தடிச் சென்றியில் ஆமி பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்ததில் இரண்டு பேருக்கும் தாமதம். குழாய் ஆறி, மேசையில் ஒரு துணியின் மேல் கிடந்தது.

"அங்கிள், நான் சொன்ன மாதிரிக் குறைச்சனீங்களோ?"

"ஓம் பிள்ளை. மணிக்கூட்டைப் பாத்துத்தான் ஒவ்வொரு கோடும் குறைச்சனான்."

அடுத்த நாள் துண்டை அடுப்பில் காட்டினோம். நான் தேவாரத்தைத் தொடங்கினேன். பாதி வந்தது, விரல் சுடவில்லை. முடித்தேன். திருச்சிற்றம்பலமும் சொன்னேன். அப்போதுதான் இளஞ்சூடு விரலுக்கு வந்தது. நேசமலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மீற்றரின் முள் ஏறி ஏறி, இறங்காமல் நின்றது.

"அன்ரி, இன்னொருக்காப் பிடியுங்கோ."

மூன்று தரம் பிடித்தேன். மூன்று தரமும் அப்படித்தான். அவள் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புது மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "இவன் ஆர்?" என்று கேட்டாள், என்னிடமல்ல.

டென்மார்க்கில் இந்த விஷயத்தில் பெரிய ஆள் ஒருவர் இருந்தார். அவருக்குக் கம்பஸில் எடுத்த அளவுகளை அனுப்பினாள். காலி வீதிக் கொமியூனிக்கேஷன் கடையில் பதில் ஃபக்ஸ் வந்தது. அவர் ஒரு மகாநாட்டுக்கு இலங்கை வருகிறார். வருகிற சனிக்கிழமை கொழும்பில் நிற்பார். ஒரு துண்டு நன்றாக வந்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், அதே போல் இரண்டாவது ஒன்றைக் காட்டினால் தன் ஆய்வுகூடத்தில் இடம் தருகிறேன் என்று எழுதியிருந்தார்.

நேசமலருக்குக் கம்பஸில் தந்திருந்த இடம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதன் பிறகு உலையும் இல்லை, மீற்றரும் இல்லை. ஏதாவது ரியூஷன் கொட்டிலில் கணக்குப் படிப்பிக்க வேண்டியதுதான். ஆனால் அவள் முகத்தில் நான் கண்டது அந்தக் கவலையை அல்ல. ஐந்து ஏன் அப்படி வந்தது என்று தெரியாமல் போய்விடுமோ என்ற கவலைதான் அவளைத் தின்றது.

ஆறாம் துண்டு செய்தாள். தானே பக்கத்தில் இருந்து குமிழைக் குறைத்தாள். பாதித் தேவாரம். ஏழாம் துண்டு. பாதித் தேவாரத்துக்கும் கொஞ்சம் குறைவு.

அதன் பிறகு வீட்டில் எல்லாரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனோம். ஐந்துக்குப் போட்ட வெள்ளி என் அறுந்த கொலுசில் வெட்டியது, ஆறுக்குப் போட்டது செட்டியார் தெருவில் வாங்கியது. அதுவாக இருக்குமோ என்று ஏழுக்குக் கொலுசு வெள்ளியே போட்டாள். அதுவும் இல்லை. உலையின் கம்பியோ என்று நோபேட்டைக் கூப்பிட்டாள். அவன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்தான்.

"அந்தோனியார் சத்தியமா மிஸ், நான் ஒண்ணும் மாத்தல. அஞ்சாவதுக்கு இருந்த அதே கம்பிக் கொயில். பொண்டாட்டியை மாத்தினாலும் இந்தக் கொயிலை மாத்த மாட்டேன்."

"ஏன் நோபேட், கொயில் அவ்வளவு நல்லதோ?"

"இல்ல மிஸ், இப்ப அந்தக் கம்பி மருதானையிலயே கிடைக்கிறதில்ல."

போத்தலில் இன்னும் ஒரேயொரு துண்டுக்குத்தான் தெலூரியம் மிச்சம் இருந்தது. குழாயும் ஒன்றுதான். சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் எங்கள் இருவரையும் பின்விறாந்தையில் கூப்பிட்டு இருத்தினாள். இவரை அன்றைக்கு இருந்த அதே சாய்மனைக் கதிரையில் இருக்கச் சொன்னாள். அதே தேத்தண்ணியும் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். நான் பக்கத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், அண்டைக்கு நீங்கள் செய்த எல்லாத்தையும் ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ."

இவர் நீதிமன்றத்தில் நிற்பது போல் தொண்டையைச் செருமினார். "தேத்தண்ணி குடிச்சனான். பேப்பர் பாத்தனான். நாலரைக்கு முதல் கோடு குறைச்சனான். பிறகு கால் மணித்தியாலத்துக்கு ஒரு கோடு. ஒருக்காலும் பிந்தேல்லை. பக்கத்து வீட்டு ஹாஷிம் வந்து வாசலில நிண்டு கூப்பிட்டவர், எழும்பிப் போகேல்லை. பிறகு கரண்ட் போட்டுது. அதுவும் அண்டைக்கு அநியாயம். பேப்பரில ஏழு எண்டு போட்டிட்டு ஆறு மணிக்கே நிப்பாட்டிப்போட்டாங்கள்."

"ஆறு மணிக்கோ?" என்றாள் நேசமலர். "அண்டைக்கு முந்திப் போகேல்லையே. நான் ஏழு மணிக்குச் சென்றியில நிக்கேக்கதான் காலி வீதி லைட் எல்லாம் போனது."

என் கை அரிசிக்குள் நின்றுவிட்டது. இவருடைய மணிக்கட்டைப் பார்த்தேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரம் காட்டின. எப்போதிருந்து?

எனக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சாமத்திய வீட்டுக்கு அடுத்த கிழமை இவருடைய பழைய கந்தோர்ச் சிநேகிதர் ஒருவரின் செத்தவீடு. இவர் பழைய நேரத்தில் புறப்பட்டுப் போனார். பிரேதமும் போய், சனமும் போய், பந்தல்காரன் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தானாம். அன்றிரவு இவர் சண்டை எதுவும் இல்லாமல் சாப்பிட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனிதர் எனக்குச் சொல்லாமல் மணிக்கூட்டைத் திருத்தியிருக்கிறார்.

"அண்டைக்கு உங்கட கையில எந்த நேரமப்பா?" என்று கேட்டேன்.

"என்ர நேரம்."

"பழைய நேரமோ?"

"சரியான நேரம்."

நேசமலர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். "அப்ப அங்கிள், நீங்கள் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் குறைக்கத் தொடங்கினனீங்கள். கரண்ட் போகேக்க எத்தினை கோடு மிச்சம்?"

"நாலு."

"உலை நல்ல சூடா இருந்திருக்குமே!"

"சூடோ? குழாய் மங்கல் சிவப்பா இருந்தது."

"பிறகு என்ன செய்தனீங்கள்?"

"பிறகென்ன, ஆறவைக்கிறதுதானே மிச்ச வேலை? கரண்டுதான் இல்லை, தண்ணி இருந்தது. இவ உடுப்பு அலச எடுத்து வைச்ச வாளிக்குள்ள குறட்டால பிடிச்சு இறக்கினனான். சீ எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். துடைச்சு மேசையில வைச்சனான்."

நேசமலர் கதிரையிலிருந்து இறங்கி நிலத்தில் குந்திவிட்டாள்.

"அங்கிள், நான் உங்களைக் கேட்டனான் தானே? சொன்ன மாதிரிக் குறைச்சனீங்களோ எண்டு?"

"ஓம் எண்டு சொன்னனான். சொன்ன மாதிரித்தான் குறைச்சனான். நீ குமிழைப் பற்றித்தான் கேட்டனி பிள்ளை. வாளியைப் பற்றிக் கேக்கேல்லை."

தபால் கந்தோரில் இவரிடம் முத்திரை வாங்கப் போனவர்கள் எப்படி உயிரோடு திரும்பினார்கள் என்று நான் பல தரம் யோசித்திருக்கிறேன்.

நேசமலருக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவள் எழும்பி உள்ளே ஓடினாள். ஐந்தாம் துண்டையும் ஆறாம் துண்டையும் கொண்டு வந்து, என் பாக்குவெட்டியை வாங்கி, இரண்டின் நுனியிலும் கொஞ்சம் உடைத்தாள். உடைந்த முகங்களை வெயிலில் பிடித்துக் காட்டினாள். ஆறாம் துண்டின் முகத்தில் பெரிய பெரிய பளிங்குத் தட்டுகள், கண்ணாடி போல் மினுங்கின. ஐந்தாம் துண்டின் முகம் மங்கல். பூதக் கண்ணாடியை என் கையில் தந்தாள். றவையை அமத்தி வைத்தது போல் சின்னச் சின்ன மணிகள்.

"பெருசா வளர நேரம் கிடைக்கேல்லை அன்ரி. அப்படியே உறைஞ்சுபோச்சு."

"அதுக்கேன் சூடு ஓடாமல் நிக்குது?"

அவள் இரண்டு துண்டையும் மாறி மாறித் திருப்பினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "அன்ரி, முந்தி காலி வீதியில பஸ் ஒரே ஓட்டமா ஓடும் தானே? அதுதான் ஆறாம் துண்டு. கரண்டும் ஓடும், சூடும் ஓடும். ஐந்தாம் துண்டில இந்த மணிக்கும் அந்த மணிக்கும் நடுவில ஒவ்வொரு சென்றி. கரண்ட் தனி ஆள், அடையாள அட்டையைக் காட்டிட்டுப் போகுது. சூடு அப்படி இல்லை, திருவிழாச் சனம் மாதிரிக் கூட்டமா வரும். ஒவ்வொரு சென்றியிலயும் மறிச்சு இறக்கி வைச்சிடும். எண்டுதான் நான் நினைக்கிறன். சரியோ எண்டு இன்னும் அளக்க வேணும்."

"அப்ப சூடு தமிழ்ப் பெடியன்," என்றார் இவர்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரித்துவிட்டோம். ஹாஷிம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன சண் மாஸ்டர், வீட்ல விசேஷமா?" என்று கேட்டார்.

ஆனாலும் கடைசித் தெலூரியம். நேசமலர் இரண்டு மனமாய் நின்றாள். தண்ணீரில் இறக்கும்போது ஒரு தரம் வெடிக்காத குழாய் மறுதரமும் வெடிக்காது என்பதில்லை. வெடித்தால் சனிக்கிழமை காட்ட ஒன்றுதான். அவள் படித்த அத்தனை புத்தகமும் மெல்ல ஆறவை என்கின்றன. தண்ணீர்தான் காரணமா, வேறேதுமா என்பதும் நிச்சயமில்லை.

"மெல்ல ஆறவைச்சா என்ன வரும் எண்டு உனக்குத் தெரியும் தானே?" என்று கேட்டேன்.

"தெரியும். பாதித் தேவாரம்."

"அப்ப தெரியாததைச் செய்து பாரன்."

வெள்ளிக்கிழமை எட்டாம் குழாய் உலைக்குள் போனது. ஐந்தாம் துண்டின் நாள் போலவே எல்லாம் நடக்க வேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். இவர் மணிக்கூட்டைக் கழற்றி, எல்லாருக்கும் முன்னால், முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருகினார். அந்த முகத்தில் இருந்த வெற்றியை இப்போதும் மறக்க முடியவில்லை.

"விஞ்ஞானமே என்ர நேரத்துக்கு வந்திட்டுது," என்றார்.

நான் வாளியில் தண்ணீர் எடுத்து வைத்தேன். இவருடைய நாலரைக்கு முதல் கோடு. வானம் மத்தியானத்திலிருந்தே கறுத்திருந்தது. இரண்டாம் கோட்டில் மழை பிடித்தது. மாதக் கணக்காக வராத மழை, வெள்ளவத்தைக் கூரைகள் எல்லாம் தகரமோ என்று நினைக்கிற மாதிரி அடித்தது. கோடு கோடாக இறங்கி ஆறாம் கோடும் குறைத்தாயிற்று. நாலு மிச்சம். மூன்று பேரும் விறாந்தை பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் மணிக்கூட்டில் ஏழு. பல்ப் எரிந்தது. ஏழு தாண்டியது. பல்ப் அப்படியே எரிந்தது.

"என்னப்பா, கரண்ட் போகேல்லை?"

"மழையெண்டு இண்டைக்கு வெட்டேல்லைப் போல."

"மாதக் கணக்கா வெட்டினாங்கள், நாங்கள் கேக்கிற ஒரு நாளைக்கு வெட்ட மாட்டினமாமே!" என்று இவர் மின்சார சபையைத் திட்டத் தொடங்கினார். "இவங்கள் எதையாவது நேரத்துக்குச் செய்திருக்கிறாங்களோ? ஹாஷிமிட்டக் கேள், அங்கயும் எரியுதோ எண்டு!"

நேசமலரும் பதறிப்போய் வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்த்தாள். தெரு முழுக்க லைட். "இனி என்ன செய்யிறது? நேரம் போகுது, அடுத்த கோடு குறைச்சா எல்லாம் பிழைச்சுப்போம்..."

மூன்று படித்த ஆட்கள் மின்வெட்டுக்காக மழையில் தவம் இருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை மாதம் கரண்ட் என்றால் யாரோ நிறுத்துவது, யாரோ தருவது என்றே பழகிவிட்டோம்.

"பிள்ளை," என்றேன், "சுவிச் எங்கட கையிலதானே இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போய் உலையின் சுவிச்சைத் தானே அமத்தினாள். மூடியைத் திறந்தாள். குழாய் மங்கல் சிவப்பில், பழுத்த கோவைப்பழம் போல் கிடந்தது. இவர் குறட்டை எடுக்கக் கை நீட்டினார். "இல்லை அங்கிள், இது நான்," என்று வாங்கிக்கொண்டாள். வாளிக்கு மேலே ஒரு கணம் நின்றாள். பிறகு இறக்கினாள்.

சீ என்றது. ஆவி முகத்தில் அடித்தது. அதோடு சேர்த்து டிக் என்று ஒரு சத்தம்.

அவள் குழாயை வெளியே எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்தாள். அடியில் ஒரு தலைமயிர் வெடிப்பு. உள்ளே துண்டு முழுதாக இருந்தது, தண்ணீரும் புகவில்லை.

காலையில் துண்டு வெளியே வந்தது. அடுப்பை மூட்டினோம். நான் விரலைக் கழுவித் துடைத்துக்கொண்டு மறுநுனியைப் பிடித்தேன். இந்த முறை மனத்துக்குள் சொல்ல என்னால் முடியவில்லை. வாய்விட்டே பாடினேன். பாதி வந்தபோது நேசமலர் மீற்றரிலிருந்து கண்ணை எடுத்து என் விரலைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டிவிட்டு மேலே பாடினேன். முடித்தேன். திருச்சிற்றம்பலமும் சொன்னேன். முள் இறங்கவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது: "அன்ரி, ரெண்டு கோடு மிச்சம் இருக்கேக்க இறக்கினா எப்பிடி இருக்கும்? ஆறு கோடு இருக்கேக்க?"

டென்மார்க்காரர் பின்னேரம் வந்தார். நெடிய மனிதர், எங்கள் வாசலுக்குக் குனிந்து வந்தார். வடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம். கம்பஸ் அளவுகள் பிறகு வரட்டும் என்று, முதலில் எங்கள் அடுப்பில்தான் பார்த்தார். ஐந்தையும் எட்டையும் தானே பிடித்துப் பார்த்தார். அவருக்குத் தேவாரம் தெரியாததால் இவர் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார். அந்த மனிதர் இவருடைய கையைப் பார்த்துவிட்டு, உங்கள் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பிந்துகிறதே என்று மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னார்.

"நோ சேர்," என்றார் இவர். "திஸ் இஸ் றிசேர்ச் ரைம்."

நேசமலர் ஐப்பசியில் புறப்பட்டாள். அவள் போய் இறங்கிய கையோடு அரசாங்கம் இன்னொரு அறிவித்தல் விட்டது. மணிக்கூட்டை இப்போது அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ள வேண்டுமாம். இவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தார்.

"பாத்தியே? அரைவாசி ஒத்துக்கொண்டிட்டாங்கள்."

"அப்ப நீங்களும் அரைவாசி முன்னுக்கு வாங்கோவன்."

"அவங்கள் மிச்சத்தையும் தரட்டும், பாப்பம்."

நான் கதிரையில் ஏறி முள்ளைத் தள்ளினேன். அன்றைக்கு டென்மார்க்கிலிருந்து கோல் எடுப்பதாக அவள் சொல்லியிருந்தாள். எங்கள் நேரம் எட்டு என்று சொன்னவள், எந்த எட்டு என்று சொல்லவில்லை. சுவர் மணிக்கூட்டுக்கு எட்டு வந்தபோது நான் போய் ரெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் தன் கையைப் பார்த்துவிட்டு, இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு, சும்மா இரு என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

சுவர் மணிக்கூட்டில் எட்டரை ஆகும்போதுதான் ரெலிபோன் மணி அடித்தது.